டக்டிஎன்எஸ் போட்டாச்சு, வீட்டுக்குள் திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை

காரைக்குடிக்காரன் (சனி, இரவு 11.20)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது கரையேற்றுங்கள்.

வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் உபுண்டு ஏற்றி, டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதில் இம்மிச் என்ற போட்டோ சேமிக்கும் செயலியை ஓடவிட்டிருக்கிறேன். காரணம் இதுதான்: பாப்பாவுக்குக் காதுகுத்து நடந்தது, போட்டோவும் வீடியோவும் சேர்த்து 40 ஜிபி, அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான், லீவு கிடைக்காமல் வர முடியவில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் படம் கஞ்சியாகிவிடுகிறது. மாதாமாதம் கிளவுடுக்குக் காசு கட்டவும் மனசில்லை. சரி, நம் வீட்டிலேயே சர்வர் வைத்துவிடலாம் என்று இறங்கினேன்.

வீட்டு ஐபி (இணையத்தில் வீட்டின் முகவரி எண்) அடிக்கடி மாறும், அதனால் மாறும் எண்ணை ஒரு பெயரோடு சேர்த்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் வேண்டும் என்று படித்தேன். டக்டிஎன்எஸ் என்ற சேவையில் ஒரு பெயர் வாங்கினேன், இலவசம்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஐபியைச் சொல்லும் ஸ்கிரிப்டைக் க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) போட்டேன். ரூட்டரில் இம்மிச்சின் வாசல் எண்ணான 2283 போர்ட்டை லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டேன். என் போனில் அந்தப் பெயரை அடித்தேன், இம்மிச் ஜம்மென்று திறந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டு "அடிச்சுப் பாருடா" என்று பெருமையாகச் சொன்னால், அவனுக்கு வெள்ளைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தேன், எனக்கும் அதே கதி. வைஃபை போட்டால் திறக்கிறது!

ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், ரூட்டரை ரீசெட் பண்ணிப் பார்த்தேன். எங்கே தப்பு?


கம்பிவடம் (சனி, இரவு 11.48)

ரீசெட் பண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து, என்எஸ்லுக்கப் (பெயருக்கு எந்த ஐபி என்று காட்டும் கட்டளை) என்று அடித்து உங்கள் டக்டிஎன்எஸ் பெயரைக் கொடுங்கள். என்ன ஐபி வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.


காரைக்குடிக்காரன் (சனி, இரவு 11.55)

192.168.1.20 வருகிறது. அது லேப்டாப்போட ஐபிதானே? சரியாகத்தானே இருக்கிறது?


கம்பிவடம் (ஞாயிறு, நள்ளிரவு 12.10)

அங்கேதான் தப்பு. 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். உங்கள் வீட்டிலும் 192.168.1.20 இருக்கும், என் வீட்டிலும் இருக்கும். ஊர் பேரில்லாமல் "மாடிப்படி பக்கத்து ரூம்" என்று மட்டும் விலாசம் எழுதின கடிதம் மாதிரி. அண்ணன் உலாவியில் உங்கள் பெயரை அடித்தால், டிஎன்எஸ் அவருக்கு 192.168.1.20 என்று சொல்லும், அவர் போன் சிங்கப்பூரில் அவர் வீட்டு வைஃபைக்குள் அந்த எண்ணைத் தேடும், ஆள் இருக்காது. நீங்கள் வைஃபையில் இருக்கும்போது திறந்ததற்கும் இதே காரணம்தான், நீங்கள் வெளியே போகவே இல்லை.

உங்கள் ஸ்கிரிப்டில் ஐபி என்று ஒரு இடம் இருக்கும், அதில் லேப்டாப் தன்னுடைய ஐபியைத் தானே எடுத்துப் போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். காலியாக விட்டால், கோரிக்கை எந்த ஐபியிலிருந்து வந்ததோ அதையே டக்டிஎன்எஸ் எடுத்துக்கொள்ளும். டைனமிக் டிஎன்எஸ்-ன் மொத்த வேலையே இவ்வளவுதான், பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணை மாற்றி எழுதுவது. அது போர்ட்டைத் திறக்காது, ரூட்டருக்குள் வழி விடாது, உங்கள் இணைப்பு நல்ல இணைப்பா என்றும் பார்க்காது. தப்பான எண்ணைக் கொடுத்தால் அதையும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்ளும்.

மாற்றிவிட்டு மறுபடி என்எஸ்லுக்கப் பாருங்கள். அதோடு ரூட்டர் பக்கத்தில் ஸ்டேட்டஸ் போய், வான் ஐபி (ரூட்டருக்கு இணைய நிறுவனம் கொடுத்த எண்) என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டும்.


காரைக்குடிக்காரன் (ஞாயிறு, காலை 7.30)

தூக்கமே வரவில்லை, காபி குடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்கிரிப்டில் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது, ஏதோ ஒரு யூடியூப் வீடியோவிலிருந்து காப்பி அடித்தது. காலி பண்ணினேன். இப்போது என்எஸ்லுக்கப்பில் 103 என்று தொடங்கும் எண் வருகிறது. கூகுளில் என் ஐபி என்ன என்று கேட்டாலும் அதே எண். ஆனால் ரூட்டரில் வான் ஐபி 100.78.14.201 என்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

இப்போது வெளியிலும் திறக்கவில்லை, வீட்டுக்குள்ளேயும் திறக்கவில்லை. முன்னாடியாவது வீட்டுக்குள் திறந்தது :(


கம்பிவடம் (ஞாயிறு, காலை 8.05)

சிக்கியது. அதுக்குப் பேர் சிஜிநாட்.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒரு கூட்டம் எண்கள் இருக்கின்றன, சுமார் 42 லட்சம். 2012-இல் ஆர்எஃப்சி 6598 என்ற ஆவணத்தில் இதற்கென்றே ஒதுக்கினார்கள், இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு உள்ளுக்குள் கொடுத்துக்கொள்ள. உங்கள் 100.78 அந்தக் கூட்டத்தில் விழுகிறது. அதாவது உங்கள் வீட்டு ரூட்டர் எப்படி ஐந்து போனுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து ஒரே ஐபியில் வெளியே போகிறதோ (இதற்குப் பேர் நாட்), அதே மாதிரி உங்கள் நிறுவனம் தன்னிடம் உள்ள ஒரு பெரிய பெட்டியில் நிறைய வீடுகளைச் சேர்த்து ஒரே 103-ஐபியில் வெளியே விடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே வாசல், ஒரே வாட்ச்மேன். நீங்கள் உள்ளேயிருந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் முகம் பார்த்து விடுவார். வெளியிலிருந்து புதிதாக ஒருவர் வந்து "2283-க்குப் போகணும்" என்றால் எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது, வாசலிலேயே திருப்பிவிடுவார். உங்கள் வீட்டுக் கதவை நீங்கள் எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. போர்ட் ஃபார்வர்டிங் பண்ணியது உங்கள் கதவில், அடைப்பு இருப்பது அவர் கதவில்.

ஏன் இப்படி என்றால், ஐபிவி4 என்ற இந்தப் பழைய வகை எண்கள் தீர்ந்துபோய் வருடக்கணக்காகிவிட்டது. ஆசியப் பகுதிக்குப் பங்கிடும் ஏபிநிக் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் தொடங்கிய நிறுவனங்களுக்குக் கைப்பிடி அளவுதான் கிடைத்தது.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்: நிறுவனத்திடம் பப்ளிக் ஐபி கேட்பது, ஐபிவி6 என்ற புது வகை எண்ணில் போவது, இல்லையென்றால் உள்ளேயிருந்து வெளியே ஒரு சுரங்கம் போடுவது. முதலில் கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை. "ஸ்டாட்டிக் ஐபி வேணும்" என்று கேட்காதீர்கள், உடனே மாதக் கட்டணம் சொல்வார்கள். "என்னை சிஜிநாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், ஐபி மாறினால் பரவாயில்லை" என்று கேளுங்கள். மாறுவதைப் பார்த்துக்கொள்ளத்தான் டக்டிஎன்எஸ் இருக்கிறதே.


சும்மா_ஒருத்தன் (ஞாயிறு, காலை 9.40)

ஏன் ப்ரோ இவ்வளவு கஷ்டம்? டெயில்ஸ்கேல் (கருவிகளைத் தனி வழியில் இணைக்கும் ஆப்) போடுங்க, பத்து நிமிஷ வேலை. லேப்டாப்பில் ஒன்று, அண்ணன் போனில் ஒன்று, இரண்டிலும் உள்ளே நுழைந்தால் முடிந்தது. சிஜிநாட் இருந்தாலும் அது தானே வழி கண்டுபிடித்துப் போகும், நேர்வழி கிடைக்காவிட்டால் அவர்களுடைய இடைச் சர்வர் வழியாகப் போகும், கொஞ்சம் மெதுவாக இருக்கும் அவ்வளவுதான். போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், உலகத்துக்கே வீட்டைக் காட்ட வேண்டாம். நான் இரண்டு வருடமாக இப்படித்தான் ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோ சர்வர்) ஓட்டுகிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டெயில்ஸ்கேலும் அதே 100.64 கூட்டத்திலிருந்துதான் எண் கொடுக்கும். நாளைக்கு லேப்டாப்பில் 100 என்று ஒரு ஐபியைப் பார்த்து அதையும் சிஜிநாட் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

கிளவுட்ஃப்ளேர் டனலும் இருக்கிறது, அதில் பார்க்கிறவர் எதையும் நிறுவ வேண்டாம், சாதாரண இணையதளம் மாதிரி திறக்கும். ஆனால் அதற்குச் சொந்தமாக டொமைன் வாங்கி அதன் நேம்சர்வரை (பெயருக்கு ஐபி சொல்லும் பொறுப்பை) அவர்களிடம் கொடுக்க வேண்டும், டக்டிஎன்எஸ் பெயர் செல்லாது. அப்புறம் இலவசத் திட்டத்தில் ஒரு தடவைக்கு 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. வெளியூரிலிருந்து நீங்கள் எடுத்த வீடியோவை இம்மிச்சில் ஏற்றும்போது அங்கேயே நின்றுவிடும், நான் பட்ட பாடு அது.


டோர்ட்முண்ட்_அண்ணை (ஞாயிறு, மதியம் 1.15)

தம்பி, நான் ஜேர்மனியில் இருந்து எழுதுறன். இங்கையும் இதே கரைச்சல்தான். முந்தி எங்கட டிஎஸ்எல் இணைப்பு 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தானா அறுந்து புது ஐபியோட வரும், அப்ப டைனமிக் டிஎன்எஸ் இல்லாமல் ஒண்டும் செய்யேலாது, அதாலதான் இங்கத்தையான் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரூட்டருக்குள்ளயே அந்த வசதியை வைச்சு விக்கிறாங்கள். பிறகு கேபிள் இணைப்புக்கு மாறினன், அது டிஎஸ் லைட் எண்டு சொல்லுவாங்கள், ஐபிவி4 பத்து வீட்டோட பங்கு, ஐபிவி6 மட்டும் சொந்தம்.

நான் ஐபிவி6-இல் போய்ச் சமாளிச்சன். ஆனால் மூண்டு விஷயத்தில் முட்டுப்பட்டனான். ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி முகவரி, அதால ரூட்டர் தன்ர முகவரியைச் சொன்னால் பிழை, சர்வரே தன்ர முகவரியைச் சொல்ல வேணும். அதிலயும் உபுண்டு சில வேளை ஒரே நேரத்தில் இரண்டு மூண்டு முகவரி வைச்சிருக்கும், தற்காலிகமானதைப் பதிஞ்சால் நாளைக்குச் செத்துப்போகும், நிலையானதைத்தான் பதிய வேணும். அதோட ரூட்டரின் ஃபயர்வாலில் அந்தக் கருவிக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேணும், நாட் இல்லையே எண்டு அப்பிடியே உள்ளே விடாது.

உங்கட பக்கம் ஐபிவி6 பரவலா இருக்கு, இந்தியாவில் கூகுளுக்குப் போற இணைப்பில் பாதிக்கு மேலே ஐபிவி6 தானாம். ஆனால் பார்க்கிற ஆளிட்டையும் அது இருக்க வேணும். அண்ணர் வேலையிடத்து வைஃபையில் இருந்து பார்த்தால் சிலவேளை திறக்காது, அதைக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ.

மற்றது, நீங்கள் முதல் போட்ட 192.168 பிழை இங்கை நடந்திருந்தால் அப்பவே தெரிஞ்சிருக்கும். வெளி டிஎன்எஸ் உள்வீட்டு எண்ணைச் சொன்னால் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் அந்தப் பதிலை எறிஞ்சு போடும்.


காரைக்குடிக்காரன் (திங்கள், இரவு 9.10)

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டெயில்ஸ்கேல் அண்ணன் போனில் போட்டேன், உடனே வேலை செய்தது, சந்தோஷம். ஆனால் மாமியாருக்கு? சின்ன மாமனார் வீட்டில்? "இந்த ஆப்பைப் போடுங்க, இந்தக் கணக்கில் நுழையுங்க, அந்தச் சுவிட்ச் ஆனில் இருக்கணும்" என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொடுக்கிற பொறுமை எனக்கு இல்லை. அவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு லிங்க் வர வேண்டும், தட்டினால் படம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் பப்ளிக் ஐபிக்கே முயற்சி பண்ணினேன்.

கஸ்டமர் கேர் கதை தனி. சிஜிநாட் என்று சொன்னேன், "சார், மோடத்தில் சிவப்பு லைட் எரியுதா?" என்று கேட்டார்கள். இல்லை பச்சைதான் என்றேன். "ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்." மறுபடி விளக்கினேன். "ஸ்பீடு குறையுதா சார்?" மூன்றாவது தடவை விட்டுவிட்டு, எங்கள் தெருவுக்கு லைன் இழுத்த கேபிள் அண்ணனையே பிடித்தேன். அவருக்கும் சிஜிநாட் தெரியாது, ஆனால் "கேமரா டிவிஆர் வெளியிலிருந்து பார்க்கணும், ஐபி வேணும், அப்படித்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேலே யாருக்கோ போன் போட்டார், மோடத்தை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னார். வான் ஐபி இப்போது 103-இல் தொடங்குகிறது, கூகுள் காட்டுவதும் அதே எண்தான். காசு கேட்கவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு டிவிஆர் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது.

மொபைல் டேட்டாவில் திறந்துவிட்டது!!! ஆனால் உலாவி "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கிறது. அதைக் கண்டுகொள்ள வேண்டுமா?


வேலி_போடுபவர் (திங்கள், இரவு 10.30)

கண்டுகொள்ளத்தான் வேண்டும். இப்போது அண்ணன் கடவுச்சொல் அடித்தால் அது வழிநெடுக அப்படியே எழுத்து எழுத்தாகப் போகிறது. 2283-ஐ மூடிவிட்டு, முன்னால் கேடி என்ற சர்வரை வையுங்கள், பூட்டுப் போட்ட இணையதளங்களின் போர்ட்டான 443-ஐ மட்டும் அதற்குத் திருப்புங்கள். இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்டிடமிருந்து அதை அதுவே வாங்கும், காலாவதியாவதற்கு முன் அதுவே புதுப்பிக்கும். டக்டிஎன்எஸ் பெயருக்கும் கொடுப்பார்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சான்றிதழ் வாங்கிய நிமிடமே உங்கள் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதையே மேய்ந்துகொண்டு திரியும் ரோபோக்கள் இருக்கின்றன. "என் சர்வரை யாருக்குத் தெரியும்" என்று நினைக்கிறவர்கள் கேடியின் லாகை ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் முதன்முதலில் போட்டபோது, பெயரை மனைவிக்குச் சொல்வதற்கு முன்னாடியே யாரோ வந்து வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் வேர்ட்பிரஸ்ஸே இல்லை.

பதற வேண்டாம், ஆனால் இவற்றைச் செய்துவிடுங்கள். 22-ஐ, அதாவது தூரத்திலிருந்து லேப்டாப்பை இயக்கும் எஸ்எஸ்ஹெச்சை, வெளியே திறக்கவே திறக்காதீர்கள், அதற்கு டெயில்ஸ்கேல் இருக்கட்டும், அதான் ஏற்கெனவே போட்டுவிட்டீர்களே. ரூட்டரின் நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்கிறதா என்று மொபைல் டேட்டாவில் பாருங்கள், திறந்தால் மூடுங்கள். அட்மின் அட்மின் என்று இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பழைய லேப்டாப்பில் வேறு ஏதாவது, வங்கி பாஸ்புக் ஸ்கேன், ஆதார் நகல் கிடக்கிறதா? கிடந்தால் எடுத்துவிடுங்கள். இம்மிச்சை அடிக்கடி அப்டேட் பண்ணுங்கள், பண்ணுவதற்கு முன் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். அதைவிட முக்கியம், அந்த 40 ஜிபி ஒரே டிஸ்கில்தான் இருக்கிறதா? ஒரு யுஎஸ்பி டிஸ்கில் இன்னொரு நகல் எடுத்துப் பீரோவில் வையுங்கள்.


காரைக்குடிக்காரன் (புதன், இரவு 8.45)

கேடி போட்டேன். சான்றிதழ் கிடைக்கவில்லை, பதினைந்து தடவை முயன்று தோற்றது. அப்புறம்தான் தெரிந்தது, கேடிக்கு 80, 443 இரண்டையும் திருப்பினால் நல்லதாம். நான் 443-ஐயே தப்பாக 433 என்று அடித்திருக்கிறேன் :) அதைச் சரி பண்ணி, 80-ஐயும் திருப்பினேன். 443 வந்துவிட்டது, 80 மட்டும் வெளியிலிருந்து வரவே இல்லை, எங்கள் நிறுவனம் அடைத்து வைத்திருக்கிறது போல. ஆனாலும் 443 வழியாகவே சான்றிதழ் வாங்கிவிட்டது. பூட்டுப் படம் வந்ததும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன்.

புதுப் பிரச்சினை: இப்போது வெளியே திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை! தலைகீழ்.


கம்பிவடம் (புதன், இரவு 9.20)

443 வழியாக வாங்கியது நல்லது. நாளைக்கு அதையும் அடைத்தால், டிஎன்எஸ்-இல் ஒரு டிஎக்ஸ்டி குறிப்பு எழுதிக் காட்டி வாங்கும் முறை இருக்கிறது, கேடியில் டக்டிஎன்எஸ்-க்கென்று தனி ப்ளக்இன் சேர்க்க வேண்டும். இப்போதைக்கு வேண்டாம்.

வீட்டுக்குள் திறக்காததற்குக் காரணம் ரூட்டர். உள்ளேயிருந்து ஒருவர் தன் வீட்டு வெளி ஐபியையே தேடிப் போகும்போது, அவரைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து விட வேண்டும், ஹேர்பின் நாட் என்பார்கள். நிறுவனம் கொடுக்கும் பல ரூட்டர்கள் அதைச் செய்வதில்லை, மாற்றும் வசதியும் இருக்காது. பைஹோல், ஆட்கார்ட் ஹோம் மாதிரி வீட்டுக்குள் ஓடும் டிஎன்எஸ் சர்வர் ஏதாவது இருந்தால் அதில் உங்கள் பெயருக்கு 192.168.1.20 என்று எழுதிவிடலாம் (ஆமாம், நீங்கள் முதல் நாள் பண்ணிய அதே தப்பு, வீட்டுக்குள் மட்டும் சரியான தப்பு!). அது இல்லையென்றால் இம்மிச் ஆப்பின் நெட்வொர்க் அமைப்பிலேயே வீட்டு வைஃபை பெயரைக் கொடுத்து, அதில் இருக்கும்போது உள் முகவரி, மற்ற நேரம் வெளி முகவரி என்று போடலாம். அதுதான் சுலபம்.

அப்புறம் ரூட்டரில் அந்த 192.168.1.20-ஐ லேப்டாப்புக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு நாள் அந்த எண்ணை டிவி பிடித்துக்கொள்ளும், 443 டிவிக்குப் போகும்.


காரைக்குடிக்காரன் (சனி, மாலை 6.30)

ஒதுக்கவில்லை. இப்போது ஒதுக்கிவிட்டேன். ஆப்பிலும் இரண்டு முகவரி கொடுத்துவிட்டேன், வீட்டில் இருந்தாலும் வெளியே போனாலும் திறக்கிறது. மாமியார் லிங்கைத் தட்டினார், படம் வந்தது, "இதுல எனக்கு ஏன் கண்ணு மூடியிருக்கு" என்று கேட்டார். அவ்வளவுதான் விமர்சனம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்று மதியம் எங்கள் தெருவில் கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மோடம் செத்துவிட்டது. கரண்ட் வந்ததும் பார்த்தால் வான் ஐபி வேறு எண், இன்னும் 103-தான், ஆனால் பின்பாதி மொத்தமும் வேறு. அண்ணன் அந்த நேரம் பார்த்து "திறக்கலையே" என்று மெசேஜ் போட்டான். நான் எதுவும் பண்ணவில்லை, க்ரான் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 3.35-க்கு டக்டிஎன்எஸ் ஓகே என்று ஒரு வரி வந்தது. 3.37-க்கு அண்ணனிடமிருந்து பாப்பா அழுகிற படத்துக்கு ஒரு ஹார்ட்.

மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன், யாராவது உபயோகிக்கிறீர்களா, எவ்வளவு நேரம் தாங்குகிறது?


சும்மா_ஒருத்தன் (சனி, இரவு 7.05)

வாங்குறதுக்கு முன்னாடி மோடம் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்க ப்ரோ, வோல்ட் மட்டும் பார்த்து வாங்கி நான் ஒன்றை வீணாக்கிட்டேன். அப்புறம் தெருமுனையில் கேபிள் அண்ணன் வைத்திருக்கும் பெட்டிக்கும் பேட்டரி இருக்கா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்க. அது செத்தால் உங்கள் யுபிஎஸ் இருந்தும் லைட்தான் எரியும்.